பத்தாவது சீட்டு

கச்சிராயபாளையத்து ஸ்டாண்டில் மலைக்குப் போக நிற்கும் ஜீப்புகளில் எங்கள் டிரைவர் அண்ணனுடையதைக் கண்டுபிடிக்க நம்பர் பார்க்க வேண்டியதில்லை. எந்த ஜீப்பின் முன்சீட்டில், ஜன்னலோரம், சிவப்புக் கரை போட்ட துண்டு ஒன்று மடித்து வைத்திருக்கிறதோ அதுதான் அவர் வண்டி. மற்ற ஜீப்புகள் ஆள்மேல் ஆள் உட்கார்ந்து, பின்னால் நாலு பேர் தொங்கி, கூரைமேல் மரவள்ளி மூட்டையோடு ஒருவர் படுத்துக்கொண்டு புறப்படும். இவர் வண்டியில் மட்டும் ஒரு துண்டு, காலை நீட்டாத குறையாக, சொகுசாக மலையேறும்.

நான் அப்போது வெள்ளிமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். வீடு கள்ளக்குறிச்சியில். திங்கட்கிழமை காலை ஏறினால் வெள்ளிக்கிழமை மாலைதான் இறங்குவேன். அதாவது திங்கள்தோறும் சாவு, வெள்ளிதோறும் உயிர்த்தெழுதல். கிறிஸ்தவனாகப் பிறந்தும் கிழமையை மாற்றிப் போட்டுக்கொண்டவன். மலைப்பாதை வளைவு எனக்கு ஒத்துக்கொண்டதே இல்லை. பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் வளைவில் திரும்பும்போது பஸ்ஸின் மூக்கு பள்ளத்துக்கு மேலே ஆகாயத்தில் போய்விட்டு வரும். ஒரே ஒரு முறை போனேன். பக்கத்திலிருந்த கோழி வியாபாரியின் கையைப் பிடித்தவன் விடவில்லை. பாவம், அவர் தன் ஊரில் இறங்க முடியாமல் கோழிகளோடு வெள்ளிமலைவரை வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் இவர் ஜீப்புக்கு மாறினேன். இவர் மெதுவாகப் போவார். தவிரவும் எங்கள் சபைக்காரர். விழுந்தாலும் அடக்கம் செய்ய ஆள் தேட வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி.

டிரைவரை விட்டுவிட்டு எண்ணினால் அந்த வண்டியில் பத்து சீட்டு. முன்னால் ரெண்டு, பின்னால் எதிரும் புதிருமாக நாலு நாலு. ஒன்பதுக்குக் காசு வாங்குவார். பத்தாவது கர்த்தருக்கு. யாரிடம் காசு இல்லையோ அவர் வந்து உட்காரும்வரை அங்கே துண்டு உட்கார்ந்திருக்கும். யாரும் வராவிட்டால் காலியாகவே போகும். வருஷக்கணக்கில் பிறர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் சொந்த வண்டிக்காக ஜெபம் பண்ணியபோது நேர்ந்துகொண்ட பொருத்தனை அது.

“சம்பாதிக்கிற காசுல பத்துல ஒண்ண எடுத்துக் காணிக்கப் பெட்டில போட்டுட்டுப் போலாமே அண்ணே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நான் காசு எங்க சார் கேட்டேன்? பத்து பேரு உக்கார மாரி ஒரு வண்டி குடுன்னுதான் கேட்டேன். சீட்டாத்தான் குடுத்தாரு. அப்ப சீட்டாத்தானே திருப்பிக் குடுக்கணும்?”

“சரி, அதுக்கு எதுக்கு முன்சீட்டு? பின்னால கடைசில ஒண்ணு குடுக்கறது.”

“கடைசி சீட்டுல மழத்தண்ணி அடிக்கும் சார். வூட்டுக்கு வந்தவங்கள வாசப்படியிலயா உக்கார வப்பாங்க?”

ஆகவே அந்த ஜீப்பில் ஒரு விநோதம் நடக்கும். காசு கொடுத்த நாங்களெல்லாம் பின்னால் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு போவோம். கிழிந்த சட்டையோடு வந்தவர் முன்னால் காற்று வாங்கிக்கொண்டு போவார். ஒரு ரோடு காண்ட்ராக்டர் அடிக்கடி வருவார், நல்ல உடம்பு. மூன்று ஆள் காசு தருகிறேன், துண்டை எடு என்பார். “துண்டு என்னுதுதாங்க, சீட்டு என்னுது இல்லியே,” என்று இவர் சிரித்துக்கொண்டே கிளப்பிவிடுவார். ஒரு போலீஸ்காரர் சட்டப்படியே வாதாடிப் பார்த்தார்.

“காசு குடுக்காதவங்களுக்குத்தானேய்யா இந்த சீட்டு? நான் என்னிக்கி ஒனக்குக் காசு குடுத்திருக்கேன்?”

“இது காசு இல்லாதவங்களுக்குங்க. நீங்க குடுக்காதவங்க. பின்னால ஏறிக்குங்க ஐயா.”

போலீஸ்காரர் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார், பின்னால் ஏறினார். அன்றைக்கு அவர் காசும் கொடுத்தார் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பினால் நான் மூடிவிடுவேன்.

இதை வைத்து அவரைக் கொடைவள்ளல் என்று எண்ணிவிடக் கூடாது. அவரைப் போல ஒரு கஞ்சரைக் கள்ளக்குறிச்சி பார்த்திருக்காது. டீ வாங்கினால் ஒன்றை வாங்கி ரெண்டாக ஊற்றி இன்னொரு டிரைவரோடு பாதிக்காசு பங்கு போடுவார். கழற்றிய நட்டு போல்ட்டை எறியமாட்டார். அதையெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு நிறைத்து வைத்திருப்பார். செருப்புக்குப் பழைய டயரில் வார் வெட்டிக்கொள்வார். அவர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த அக்கா ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகும்.

“சோப்பு கரைஞ்சி வெத்தல மாரி ஆயிடும் மா. அத புதுசோட தலயில ஒட்டி வச்சித் தேச்சிக்கினு இருப்பாரு. நான் ஒரு பொட்டு எண்ண ஜாஸ்தி ஊத்தனா மூஞ்சியப் பாப்பாரு. ஆனா எவன் எவனையோ முன்னால உக்கார வச்சி ராசா மாரி இட்டுக்கினு போவாரு. நான் ஒரு நாளு அந்த சீட்டுல உக்காந்ததில்ல, தெரியுமா?”

“ஏங்க்கா?”

“என் இடுப்புல சுருக்குப்பை இருக்குதாம். அதுல காசு இருக்குதாம்!”

ரெண்டும் ஒரே குணம்தான் என்பது எனக்குப் புரிய நாளானது. அவருக்கு ஒரு சொல் உண்டு. வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் சொல்வார்: “வண்டி நம்புளுது இல்ல சார். சாவிய மட்டும் நம்மகிட்ட குடுத்து வச்சிருக்காங்க.” ஃபைனான்ஸ்காரரைத்தான் சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கடன் முழுக்க அடைந்த பிறகும் அதையே சொன்னபோதுதான் அவர் மேலே இருக்கிறவரைச் சொல்கிறார் என்று தெரிந்தது. அடுத்தவர் பொருளை வீணாக்கவும் கூடாது, அடுத்தவர் பங்கில் கை வைக்கவும் கூடாது. அவ்வளவுதான் அவர் வேதசாஸ்திரம். பாஸ்டரய்யா உக்கிராணத்துவம், அதாவது எஜமானின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தால், இவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருப்பார்.

என்னையும் அவர் அப்படித்தான் ஏற்றிச் சென்றார். யாரோ ஒப்படைத்த கண்ணாடிச் சாமானைப் போல. என் இடம் டிரைவருக்கு நேர் பின்னால், பெஞ்சின் முதல் சீட்டு. அங்கேதான் வண்டி ஆடாது, பிடிக்கக் கம்பியும் உண்டு. ஆனால் வளைவு வந்தால் கம்பி எனக்குப் போதாது. அவர் சட்டைக் காலரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன்.

“பயப்படுங்க சார், வாணாங்கல. ஆனா காலர வுட்டுட்டு பயப்படுங்க. எனுக்கு மூச்சு வுட முடில.”

இப்படிப்பட்ட வீரனாகிய என்னை எங்கள் சபைக் கமிட்டி செக்ரட்டரியாக வைத்திருந்தது. என் தைரியத்துக்காக அல்ல, கையெழுத்துக்காக.

அந்த வருஷம் புதிதாக ஒரு பொருளாளர் வந்தார். அரிசி மில் வைத்திருந்தவர், நேர்மையானவர், சபைக் காசில் ஒரு டீ குடிக்கமாட்டார். கோயில் கூரை ஒழுகியது. பாஸ்டரய்யாவுக்கு ரெண்டு மாதச் சம்பளம் நின்றிருந்தது. பொருளாளர் எல்லாக் குடும்பத்துக்கும், வருமானத்தில் பத்தில் ஒன்றைப் போட்டுத் தர, தசமபாகக் கவர் அடித்துக் கொடுத்தார். கவர் போடாத குடும்பத்துக்குக் கல்யாணமோ கல்லறையோ சபையில் இல்லை என்று தீர்மானம் போட்டார். அழகான கையெழுத்தில் அதை எழுதியவன் நான்.

தீர்மானத்தின் கீழ் முதலில் வந்து மாட்டியவர் இவர். மற்ற காணிக்கையெல்லாம் போடுவார், தசமபாகக் கவர் மட்டும் போட்டதில்லை. அதுதான் சீட்டாகக் கொடுத்தாயிற்றே. அந்த நேரம் பார்த்து அவர் மகளுக்குத் திருக்கோவிலூரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. மூன்று ஞாயிறு எங்கள் கோயிலில் கல்யாண அறிக்கை வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் மாப்பிள்ளை ஊர் சபை தாலி கட்ட விடாது. பெண்ணின் பெயரைச் சபையில் வாசிக்கவில்லையாம் என்று ஒரு வார்த்தை திருக்கோவிலூருக்குப் போனால், ஏன் என்று கேட்கமாட்டார்கள், என்னமோ இருக்கிறது என்றுதான் பேசுவார்கள்.

“வண்டில ஒரு சீட்ட காலியா வுட்டா அது தசமபாகமா?” என்றார் பொருளாளர். “செக்ரட்டரி, நீங்கதான் வாரா வாரம் போறீங்களே. அந்த சீட்டுல உக்காந்து போயி, இன்னா நடக்குதுன்னு பாத்துட்டு வந்து கமிட்டிக்குச் சொல்லுங்க.”

கடவுளுடைய சீட்டைத் தணிக்கை செய்ய உலகத்திலேயே முதன்முதலாக நியமிக்கப்பட்ட கிளார்க் நானாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை துண்டுக்கு முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “கமிட்டி உக்காரச் சொல்லிச்சின்னா உக்காருங்க சார்.”

முன்சீட்டின் யோக்கியதை அன்றுதான் தெரிந்தது. பின்னால் இருக்கும்வரை பள்ளம் என்பது எனக்குக் கேள்விப்பட்ட சங்கதி. இங்கே கண்ணாடி நிறையப் பள்ளம். மலையடிவாரத்து அணைக்கட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்குவதற்குள்ளேயே என் முழங்கால் ரெண்டும் டேஷ்போர்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

முதல் வளைவுக்கு முன்னால் ஒருவர் தலையில் மூட்டையோடு ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். மலைக்காரர், என் வயதுதான் இருக்கும். வண்டி நின்றது.

“இன்னாண்ணே, கடுக்காயா? வெல போவலியா?”

“நனஞ்சிருக்குதுன்னு சொல்லிட்டான் யாவாரி. காசு இல்லீங்க. நான் நடந்தே போய்க்கினு இருக்கேன், நீங்க போங்க.”

“காசு யாரு கேட்டா? ஏறு.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு இறங்கத்தான் ஆசை. ஆனால் கால் வரவில்லை. நான் கமிட்டியின் பிரதிநிதி என்றும், ஒரு தீர்மானத்தின் பேரில் வந்திருக்கிறேன் என்றும், கதவின் பிடியை ரெண்டு கையாலும் பற்றியபடி விளக்கினேன். மலைக்காரர் மூட்டையோடு அதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“சார்,” என்றார் டிரைவர் மெதுவாக. “உங்க சீட்டு பின்னால காலியாத்தான் வச்சிருக்கேன். எனுக்குத் தெரியும், யாராச்சும் வருவாங்கன்னு. வாங்க, கைய குடுங்க.”

இறக்கி, சுற்றி அழைத்துப்போய், என் பழைய இடத்தில் உட்கார வைத்தார். மலைக்காரர் முன்சீட்டின் நுனியில், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு எதிலும் படாமல் உட்கார்ந்தார். சீட்டு அழுக்காகிவிடும் என்ற பயம்.

“சாஞ்சி உக்காருண்ணே,” என்றார் இவர் கியரைப் போட்டபடி. “சாயறதுக்கும் சேத்துத்தான் அந்த சீட்டு.”

கொஞ்ச தூரம் போன பிறகு அந்த முதுகு மெல்லச் சாய்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அன்றைக்கு ரெண்டு வளைவு நான் கண்ணை மூடவில்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்ததும் உடனே மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. டிரைவர் அண்ணனையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர் கதவோரம் நின்றார். வெளியே வேப்பமரத்தடியில் அக்காவும் மகளும், யாரையோ எதிர்பார்ப்பவர்கள் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். என் முழங்கால் தாளத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

பொருளாளர் கோபப்படவில்லை. அதுதான் சங்கடம். “அவரு நல்லவர் இல்லன்னு நான் சொல்லலீங்க. அவரு செய்யறது தருமம். தருமம் வேற, தசமபாகம் வேற. நான் நாய்க்கி சோறு வச்சேன், மரத்துக்குத் தண்ணி ஊத்தனேன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொன்னா, மேல ஒழுவுதே, அந்தக் கூரைய யாரு மாத்தறது? ஐயா வூட்டுல அடுப்பு எரிய வாணாமா?”

பாஸ்டரய்யா தலையைக் குனிந்துகொண்டார். சின்ன வயசு, கைக்குழந்தைக்காரர். எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. பதறினால் எனக்கு வருவது உளறல் ஒன்றுதான்.

“அந்த சீட்டுல கர்த்தரே உக்காந்து போறாருங்க,” என்றேன்.

“நீங்க பாத்தீங்களா?”

“எங்கங்க பாக்கறது? வண்டி ஓடறப்ப நான்தான் கண்ணத் தொறக்கறதில்லையே.”

எல்லோரும் சிரித்தார்கள். பொருளாளரும் சிரித்தார். காரியம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சிரிப்பு அடங்கிய பிறகு அவர் கதவோரத்திலிருந்து பேசினார்.

“பெரியவங்க சொல்றது ஞாயந்தான். கூர ஒழுவறத நானும்தான் பாத்துக்கினு இருக்கேன். எனுக்குத் தோணாம போச்சி. இந்த மாசத்துலேருந்து அந்த சீட்டுக் காசு கவர்ல வந்துரும்ங்க. பாப்பா பேர மட்டும் வாசிச்சிடுங்க.”

இவ்வளவுதான். சண்டை இல்லை, வசனம் இல்லை. வெளியே போய் மனைவியிடம் ஏதோ சொன்னார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. எனக்கு, கள்ளக்குறிச்சியின் சமதளத்தில், ஒரு வளைவும் இல்லாத இடத்தில், தலை சுற்றியது.

அடுத்த சில வாரங்கள் எனக்குக் கள்ளக்குறிச்சி ஆபீசிலேயே வேலை போட்டார்கள். மலையேற வேண்டியதில்லை. வேறு சமயமாக இருந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டிருப்பேன். இப்போது மனசுக்குள் ஒரே ஒரு படம்: துண்டு இல்லாத முன்சீட்டில் காண்ட்ராக்டர் சாய்ந்திருக்கிறார், ஏற்றத்தில் ஒருவர் மூட்டையோடு நடக்கிறார், வண்டி நிற்காமல் போகிறது.

மாதக் கடைசி ஞாயிறு கவர் போட்டவர்கள் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. “சொன்னா கேட்டுக்கற சபை நம்ம சபை,” என்று பொருளாளர் மனதாரப் பாராட்டினார். பாராட்டப்பட்டவர் பின் பெஞ்சில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அன்றே முதல் அறிக்கையும் வாசித்தார்கள். பாஸ்டரய்யா பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று நிறுத்தினார். யாராவது எழுந்துவிடுவார்களோ, கவரில் குறை சொல்வார்களோ என்று பயந்து பயந்து தொண்டை வறண்டு, நானே இருமிவிட்டேன். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. அக்கா பார்த்த பார்வையில் நான் இன்னும் கொஞ்ச நேரம் இருமியிருந்தால் எனக்குத்தான் கல்லறை தேவைப்பட்டிருக்கும். “தடை இல்லீங்க, தண்ணி இல்லீங்க,” என்று கத்தினேன். பாஸ்டரய்யா சிரிப்பை விழுங்கிக்கொண்டு அடுத்த பாட்டு எண்ணைச் சொன்னார்.

மூன்று ஞாயிறும் வாசித்தாயிற்று. திருக்கோவிலூரில் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. அவரும் அக்காவும் இப்போது அந்த மகளோடுதான் இருக்கிறார்கள், வண்டியை விற்றுவிட்டார். ஆனால் அவரை நினைத்தால் என் மனசில் நிற்பது, கல்யாணம் முடிந்து அவரும் நானும் மறுபடி மலையேறிய அந்தத் திங்கட்கிழமைதான்.

ஸ்டாண்டுக்குப் போனேன். முன்சீட்டில் துண்டு இல்லை. நான் நினைத்த அதே காண்ட்ராக்டர், கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, காசு கொடுத்து உட்கார்ந்திருந்தார். டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் ஏறி என் இடத்துக்குப் போனேன்.

அங்கே சிவப்புக் கரைத் துண்டு மடித்து வைத்திருந்தது.

“தப்பா நெனச்சிக்காதீங்க சார்,” என்றார் திரும்பாமலே. “அதுக்கு அடுத்து வண்டில நல்ல சீட்டு இதுதான். ஆட்டம் இருக்காது, புடிச்சிக்கக் கம்பி இருக்குது. நீங்களேதானே எத்தினியோ தடவ சொல்லியிருக்கீங்க.”

என் பயமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. நான் பெஞ்சின் கடைசிக்கு, வாசலோரத்துக்குப் போனேன். அணைக்கட்டில் காலில் கட்டுப் போட்ட ஓர் அம்மாள் கைகாட்டினார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர். இருந்த காசெல்லாம் மருந்துக்குப் போய்விட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என் இடத்தில் அந்த அம்மாளை உட்கார வைத்தார். “சாஞ்சிக்கம்மா,” என்றார்.

நான் சாயவில்லை. சாய்ந்தால் ரோட்டில்தான் சாய வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் என்னுடைய பாதி உடம்பு மலைக்கும் மீதி உடம்பு பள்ளத்துக்கும் போய்விட்டு வந்தது.

பாதிவழியில் ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். நான் இறங்கி, திறந்த பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணே, அதான் பத்தாவது சீட்டக் காசாக்கி சபைக்குக் குடுத்துட்டீங்களே. இது எதுக்கு?”

“அது சபைக்கு சார். கூரைக்கு வேணும், ஐயாவுக்கு வேணும். குடுக்க வேண்டியதுதான்.” குடத்தைச் சாய்த்துச் சொட்டு சிந்தாமல் ஊற்றினார். “அதுக்காவ இவங்கள நடந்து வான்னு சொல்ல முடியுமா?”

“ரெண்டு சீட்டு போச்சே. அப்ப உங்களுக்கு?”

என்ன இப்படிக் கேட்கிறான் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

“எட்டு இருக்குதே சார்,” என்று சொல்லிவிட்டு, பானட்டை இறக்கி மூடினார்.